த/பெ பழனிச்சாமி

வடகவுஞ்சியில் ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம், அந்த ஆள் உயிரோடு இருக்கிற வரைக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் "பழனிச்சாமி வீடு எதுங்க?" என்று கேட்டால் போதும். "எந்தப் பழனிச்சாமி? காப்பித்தோட்டமா, குதிரைக்காரரா, பட்டாளத்தாரா?" என்று கடைக்காரர் பட்டியல் வாசிப்பார். குதிரைக்காரர் மட்டக்குதிரையில் வாழைத்தார் ஏற்றுவதை விட்டுவிட்டு ஜீப் வாங்கி, அந்த ஜீப்பையும் விற்றுவிட்டு, இப்போது மகன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் மட்டும் இன்னும் குதிரையை விட்டு இறங்கவில்லை. பட்டாளத்தார் பட்டாளத்துக்கே போனதில்லை. ஆளெடுப்புக்குப் போய் மார்பளவு பத்தாமல் திரும்பி வந்தவர். ஆனாலும் அடையாளம் பிசகாது, சரியான வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள்.

செத்துப்போன பழனிச்சாமிகளுக்கு இந்த வசதி கிடையாது. அவர்களைத் தேடுகிறவன் வருவாய்த்துறைப் பதிவேட்டுக்குத்தான் போக வேண்டும். வருவாய்த்துறைக்குக் குதிரையும் தெரியாது, பட்டாளமும் தெரியாது.

என்னை இந்த வேலையில் இறக்கிவிட்டவன் என் அண்ணன் மகன். வேல்ஸில், கார்டிஃப் நகரத்தில் இருக்கிறான். அவன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்துவரச் சொல்லி, ஆறு தலைமுறைக்குக் கட்டம் போட்ட தாள் கொடுத்திருக்கிறார்கள். "சித்தப்பா, ரிட்டையர் ஆகிச் சும்மாதான இருக்கீங்க, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்றான். ரிட்டையர் ஆனவனிடம் இப்படி ஆரம்பிக்கிறவர்கள் லேசான வேலையைக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

ஐந்து கட்டம் மடமடவென்று நிரம்பியது. குழந்தை. அவளுடைய அப்பன் பழனிச்சாமி. அவனைப் பெற்ற என் அண்ணன் வேலுச்சாமி. எங்கள் அப்பா பழனிச்சாமி. தாத்தா வேலுச்சாமி. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயரை வைப்பது எங்கள் வீட்டுச் சட்டம். இரண்டே இரண்டு பெயரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் இத்தனை தலைமுறையைச் சிக்கனமாக ஓட்டியிருக்கிறது. இரண்டாவது பிள்ளையான எனக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர் வாய்த்ததால், நான் இந்தச் சங்கிலியில் இல்லை; தேடுகிற வேலை மட்டும் என் தலையில்.

ஆறாவது கட்டம் என் பூட்டனாருடையது. தாத்தா வேலுச்சாமி, அப்பா பழனிச்சாமி என்றால், பூட்டனாரும் பழனிச்சாமியாகத்தான் இருக்க வேண்டும். பெயரைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். ஆள்தான் இல்லை. நெப்டியூன் கிரகத்தை 1846இல் இந்த வழியில்தான் பிடித்தார்கள்: முதலில் கணக்கு, பிறகு கிரகம். அவர்களிடம் தொலைநோக்கி இருந்தது. என்னிடம் ஒரு பொதுப்பணித்துறை பென்ஷன் அட்டையும் மூக்குக்கண்ணாடியும்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தேன். பொறுமையான பிள்ளை. கம்ப்யூட்டரில் சிட்டாவை எடுத்துக் காட்டினார். ஒரு சர்வே நம்பரில் 'பழனிச்சாமி, த/பெ வேலுச்சாமி'. அடுத்த சர்வே நம்பரில் 'வேலுச்சாமி, த/பெ பழனிச்சாமி'. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா, இதுல யாருக்கு யார் அப்பா?" என்று கேட்டார். "அவருக்கு இவரு, இவருக்கு அவரு" என்றேன். சத்தியமான பதில்தான். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் 1979 தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் புதிதாக எழுதியதன் வாரிசு. அதற்கு முந்தியது கர்ணம் கணக்கு. கர்ணம், மணியம் பதவிகளை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. ஒழித்தது சரிதான், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் கர்ணத்திடமிருந்து நோட்டுப் புத்தகங்களைத்தான் சார்ஜ் எடுத்தார்கள். அவர் மண்டைக்குள் இருந்ததை யாரும் சார்ஜ் எடுக்கவில்லை. எந்தப் பழனிச்சாமி ஓடைக்கு இந்தப் பக்கம், எவர் பங்காளி, எவர் வெறும் பெயர்க்காரர் என்பதெல்லாம் அங்கேதான் பதிவாகியிருந்தது. போதாததற்கு எங்கள் மலை இருந்த இடத்தில் இருக்க, மேலே மாவட்டம் மாறியது. 1985 செப்டம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டமாகும்வரை நாங்கள் மதுரை. ஆகவே பழையதைக் கேட்டால் இங்கிருக்கிறவர் அங்கே கை காட்டுவார், அங்கிருக்கிறவர் இங்கே கை காட்டுவார். இருவருமே பொய் சொல்வதில்லை.

பிறப்பு இறப்பைப் பதிய மதராஸ் மாகாணத்தில் 1899இலேயே சட்டம் வந்துவிட்டது. நாடு முழுதுக்குமான சட்டம் 1969இல். இடைப்பட்ட காலத்துப் பதிவு ஒன்றின் நகல் எனக்குக் கிடைத்தது, என் அப்பா பிறந்ததற்கு. 'ஆண் குழந்தை. தகப்பன் வேலுச்சாமி.' அவ்வளவுதான். பெயர் வைக்கிற சடங்குக்கு முன்னால் பதிந்துவிட்டார்கள். யாருடைய பெயர் வைப்பார்கள் என்று ஊருக்கே தெரிந்த சங்கதியை எழுத்தரும் எழுதியிருக்கலாம். அவர் சட்டப்படி நடந்துகொண்டார்.

வாய்வழிச் செய்தி இருக்கிறதே என்பீர்கள். அதற்கு உரியவர் என் அப்பத்தா. சின்ன வயதில் அவரிடம் கேட்டிருக்கிறேன். "அப்பத்தா, தாத்தாவோட அப்பா பேரென்ன?" புருஷன் பெயரையே சொல்லாதவர், மாமனார் பெயரைச் சொல்வாரா? "கீழ இருக்காருல்ல, அவரு பேருதான்டா" என்று பள்ளத்தாக்கைக் காட்டினார். உலகமே அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிற பழனியாண்டவர் எங்கள் மலைக்காரர்களுக்குக் கீழே இருக்கிறவர். சரி, கீழே இருக்கிறவர் பெயர் என்றால் எது? பழனிச்சாமி, பழனியாண்டி, பழனிவேல், தண்டபாணி, கந்தசாமி, வேலாயுதம். அவருக்குப் பெயருக்கா பஞ்சம்! அண்ணனையும் அப்பத்தா பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அது தாத்தா பெயர் அல்லவா? அண்ணன் கடைசிவரை 'பெரியவன்'தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போன அன்று வாத்தியார் பெயர் கேட்டதற்கு அப்பத்தா என்னைப் பார்த்து, "நீ சொல்லுடா" என்றார். நான் அப்போது மழலை மாறாதவன். வாத்தியார் எழுதியதைத் திருத்தப் பிற்பாடு கெஜட்டில் விளம்பரம் கொடுக்க வேண்டியதாயிற்று.

அப்பத்தாவின் சொந்தப் பெயர் என்ன என்று அந்தத் தாளில் ஒரு கட்டம் கேட்டது. அண்ணனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பழைய வாக்காளர் பட்டியலில் 'வேலுச்சாமி மனைவி' என்ற அடைமொழிக்கு முன்னால் இருந்தது: அங்கம்மாள். அறுபது வருஷம் அவர் கையால் சாப்பிட்ட குடும்பத்துக்கு அந்தப் பெயரைத் தேர்தல் ஆணையம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அளவில் நாங்கள் தேவலை. 1951–52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் பதிந்திருந்ததால், பெரும்பாலும் வட மாநிலங்களில், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

பெயர்ச் சிக்கனம் எங்கள் வீட்டு வியாதி மட்டும் அல்ல. சோழர்களைப் பாருங்கள். ராசகேசரி, பரகேசரி என்று இரண்டே பட்டம். ஒருவர் ராசகேசரி என்றால் அடுத்து வருபவர் பரகேசரி, அதற்கடுத்தவர் மறுபடி ராசகேசரி. பட்டத்தையும் ஆட்சி ஆண்டையும் மட்டும் வெட்டிய கல்வெட்டு கிடைத்தால், அது எந்த ராசாவுடையது என்று கல்வெட்டு அறிஞர்கள் எழுத்தின் வளைவைப் பார்த்து விவாதிப்பார்கள். தஞ்சாவூரில் அவ்வளவு பெரிய கோயில் கட்டிய வம்சத்துக்கே இந்த நிலைமை. மலைவாழை வைத்துப் பிழைத்தவருக்கு எந்தக் கல்லில் யார் வெட்டுவார்கள்? எங்கள் மலைத்தொடரில் கல்லுக்குக் குறைவில்லை. தாண்டிக்குடிப் பக்கம் போனால் பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் உண்டு. செண்பகனூர் பாதிரிமார்கள் மலை முழுக்க அலைந்து ஆராய்ந்திருக்கிறார்கள். எத்தனையோ நூற்றாண்டு நிற்கிற பலகைக் கற்கள். ஒன்றிலும் பெயர் இல்லை, த/பெ இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கணக்கு நோட்டு கிடைத்தது. கரையான் விட்டுவைத்த பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது: பிலவ வருஷம் ஐப்பசி மாதம், பழனிச்சாமி வாழை விற்ற வகையில் வரவு இவ்வளவு. எனக்குக் கை நடுங்கியது. பிலவ வருஷம் என்றால் 1901. பூட்டனார் அகப்பட்டுவிட்டார்!

அண்ணன் நோட்டைக் கண்ணாடிக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தார். "பிலவ வருஷம் 1961லயும் வந்துச்சே" என்றார்.

தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தரம் சுற்றி வரும். எங்கள் வீட்டில் ஒரு பெயர் இரண்டு தலைமுறைக்கு ஒரு தரம் சுற்றி வரும். இரண்டு தலைமுறை என்பது சுமாராக அறுபது வருஷம். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! வருஷமும் பெயரும் கைகோத்துக்கொண்டு சுற்றுவதால், எந்தக் காகிதத்தைப் புரட்டினாலும் அது பூட்டனாகவும் இருக்கலாம், அப்பாவாகவும் இருக்கலாம். 2021இலும் பிலவ வருஷம் வந்தது. கார்டிஃப் பழனிச்சாமி அந்த வருஷம் வாழை ஏதும் விற்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

நான் விடவில்லை. வரவு அணாக் கணக்கில் இருந்தது. 1957 ஏப்ரலில் புதுப் பைசா வந்துவிட்டதே, ஆகவே இது 1901தான் என்று வாதாடினேன். "அப்பா சாகுற வரைக்கும் பஸ் டிக்கெட்டையே அணாவுலதான கேட்டாரு" என்றார் அண்ணன். மறுக்க முடியவில்லை. கண்டக்டர்கள் அவரைக் கண்டாலே பின்படிக்குப் போய்விடுவார்கள்.

இந்தச் சோகத்தை வீடியோ அழைப்பில் சொன்னேன். அண்ணன் மகன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி இருக்கிறார். ஜோன்ஸ் என்ற குடும்பப் பெயர் கொண்டவர். எங்கள் பேத்தி மூலமாக விஷயம் அவருக்குப் போய், அவர் கேமரா முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். அவரும் வருஷக்கணக்கில் ஒரு முன்னோரைத் தேடிக்கொண்டிருக்கிறவராம். வேல்ஸில் பழைய வழக்கமும் நம்முடையதுதான்: குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பன் பெயர்தான் ஒட்டிக்கொண்டு வரும். ஜானுக்கு மகன் ஈவான் என்றால் அவன் ஈவான் ஜோன்ஸ். அவன் மகனுக்குத் தாத்தா பெயரை வைத்தால் ஜான் ஈவான்ஸ். அவன் மகன் மறுபடி ஈவான் ஜோன்ஸ். எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. வேல்ஸின் கடைசி சுதேச இளவரசர், 1282இல் இங்கிலாந்துப் படையிடம் உயிர்விட்ட லிவெலின், கிரிஃபித்தின் மகன். அந்தக் கிரிஃபித்தின் அப்பாவும் லிவெலின். நம் மு.க. ஸ்டாலினுக்கு முன்னால் முத்துவேலும் கருணாநிதியும் நிற்கிற மாதிரி அங்கேயும் அப்பனும் பாட்டனும் வரிசையாக நிற்பார்கள். ஏழெட்டுப் பேர் நிற்பதும் உண்டாம்.

எட்டாம் ஹென்றி காலத்தில், 1536இல், வேல்ஸை இங்கிலாந்தின் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆங்கிலேய எழுத்தர்களுக்கு இந்த ஊர்வலம் பிடிக்கவில்லை. முதலில் பெரிய வீட்டார் அப்பன் பெயரோடு வரிசையை நிறுத்திக்கொண்டார்கள்; மலையிலும் பட்டியிலும் இருந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் இழுத்தடித்தார்கள். நின்ற இடத்தில் எந்த அப்பன் இருந்தானோ அவன் பெயர் வம்சத்துக்கே நிலைத்துவிட்டது. ஜான்கள் ஏராளமாக இருந்ததால் ஜோன்ஸ்கள் ஏராளம். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் உறவு சொன்ன கல்கத்தா நீதிபதி வில்லியம் ஜோன்ஸை நமக்குத் தெரியும். அவருடைய அப்பாவும் வில்லியம் ஜோன்ஸ்தான். ஆங்கிள்சி தீவில் பிறந்த கணித அறிஞர், வட்டக் கணக்கில் வரும் 'பை'க்கு இன்றைய குறியை 1706இல் அச்சில் போட்டவர். அவரைப் பெற்றவர் ஜான். பழைய வழக்கம் தொடர்ந்திருந்தால் கல்கத்தா நீதிபதி வில்லியம் வில்லியம்ஸ் ஆகியிருப்பார், நல்லவேளை. சந்தை நடுவில் நின்று ஜான் ஜோன்ஸ் என்று கூவினால் குறிப்பாக யாரையும் கூப்பிட்டதாகாது என்கிற பொருளில் அக்காலத்துத் தலைமைப் பதிவாளரே அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறார். 2006இல் கார்டிஃப் அரங்கு ஒன்றில் 1,224 ஜோன்ஸ்கள் ஒன்றுகூடி அப்போதைய உலக சாதனை செய்தார்கள். தைப்பூசத்தன்று பழனி அடிவாரத்தில் ஒலிபெருக்கியில் "பழனிச்சாமி, உங்களைத் தேடி உங்கள் மகன் வேலுச்சாமி..." என்று சொல்லிப் பார்க்கட்டும், அந்த மாதிரி எந்தச் சாதனையும் அன்றைக்கே காலி.

மூதாட்டி தன் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். எப்படி என்று கேட்டேன். ஆடு திருடிய வழக்கு! வேல்ஸ் தேசிய நூலகத்தில் 1730 முதல் 1830 வரைக்குமான குற்ற வழக்குக் கட்டுகளைத் தேடிப் பார்க்க வழி செய்திருக்கிறார்கள். அதில் அவர் முன்னோர் பெயர், ஊர், தொழில், என்ன திருடினார், யாருடையது, எல்லாம் இருக்கிறதாம். "எங்கள் குடும்பத்திலேயே அவரைப் பற்றித்தான் அதிகம் தெரியும்" என்றார் பெருமையாக. அவருடைய அண்ணன் தம்பிகள் ஒழுங்காகக் கோயிலுக்குப் போய் ஒழுங்காகச் செத்தவர்கள். ஒரு வரி கிடையாது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் தப்பான குணத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆவணம் என்பது நல்லவர்களுக்காக ஏற்பட்டது அல்ல. 1860 நவம்பரில் 342 பேரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனார்கள். ஒவ்வொருவருக்கும் எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கிற கொள்ளுப்பேரன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் வந்து இறங்குகிறான். ஊரை விட்டுப் போகாமல் இங்கேயே கிடந்த அண்ணன் தம்பிக்குத் தழும்பும் இல்லை, எண்ணும் இல்லை. ஊரை விட்டுப் போக வேண்டும், கடன் வாங்க வேண்டும், அல்லது கோர்ட்டுக்குப் போக வேண்டும். மூன்றில் ஒன்றாவது செய்யாதவன் வம்சத்துக்குத் துரோகம் செய்தவன்.

பூட்டனார் மேல் எனக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். ஒரு வில்லங்கமும் இல்லாத மனுஷர். ரிசர்வ் காட்டில் மாடு மேய்த்து அபராதம்கூடக் கட்டவில்லை. 1882இலேயே மதராஸ் வனச் சட்டம் வந்து, அபராதம் கட்ட எத்தனை சந்தர்ப்பம்!

கடைசியில் அவரைக் காட்டிக்கொடுத்தது பக்கத்துத் தோட்டக்காரர் வீடு. அவர்கள் பேங்கில் கடன் கேட்டிருந்தார்கள், அதற்காக மூலப்பத்திரத்தை வெளியே எடுத்தார்கள். ராஜா தலை போட்ட முத்திரைத்தாள், 1913ஆம் வருஷம், இங்கிலீஷ் தேதி போட்டு, பதிவாளர் முத்திரையோடு. அவர்களுடைய முன்னோர் காப்பித் தோட்டத்தை அடமானம் வைத்தவர். அவருடைய பெயர், தகப்பன் பெயர், ஜாதி, தொழில், ஜீவனம், எதற்காகக் கடன், என்ன வட்டி, இடது கைப் பெருவிரல் ரேகை, எல்லாம் நாலு பக்கத்துக்கு விஸ்தாரமாக இருந்தது. நான் பொறாமையோடு படித்துக்கொண்டே போனேன். சக்குபந்தி வந்தது. நான்கெல்லை விவரம்: வடக்கே ஓடை. கிழக்கே வண்டிப்பாதை. மேற்கே பாறை. தெற்கே 'வேலுச்சாமி மகன் பழனிச்சாமி வாழைத்தோட்டம்'.

என் அப்பா அப்போது பிறக்கவே இல்லை. இவர் அவர்தான். போனஸாக அவருடைய அப்பாவும் அகப்பட்டார். சூத்திரம் ஏழாவது தலைமுறைக்கும் செல்லுபடியாகிறது. ஓடை, பாதை, பாறை, பூட்டனார். பக்கத்து வீட்டுக்காரர் பட்ட கடனுக்கு ஓர் ஓரமாக, தெற்குப் பக்கமாக நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டம்மாவிடம் மனசார நன்றி சொன்னேன். அவர்கள் கடனைப் பாராட்டி ஒருவன் நன்றி சொல்வது இதுதான் முதல் தடவையாக இருக்கும். "காப்பி சாப்பிட்டுப் போங்க" என்று கொஞ்சம் எச்சரிக்கையோடு சொன்னார்கள்.

செய்தியைக் கார்டிஃபுக்குச் சொன்னபோது அண்ணனும் பக்கத்தில் இருந்தார். பேத்தி தன் தாளைக் கேமராவில் காட்டினாள். தலைப்பில் 'வேலுச்சாமி குடும்பம்' என்று போட்டிருந்தது. அண்ணனுக்குப் புரியவில்லை. அங்கே இனிஷியல் செல்லாது, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதினோம், அது இப்போது என் பெயருக்குப் பின்னாலும் வருகிறது, என் மகள் பெயருக்குப் பின்னாலும் வருகிறது, என்று மகன் விளக்கினான். பல் டாக்டர் வீட்டில் 'மிஸ்டர் வேலுச்சாமி' என்றால் இவன் எழுந்து போகிறானாம். அடுத்த வீட்டு மூதாட்டி சந்தோஷமாகத் தலையாட்டினார். ஜோன்ஸ் வீட்டில் என்றைக்கோ நடந்தது இந்த வீட்டில் இப்போது நடக்கிறது. இனிமேல் அங்கே பிறக்கிற எல்லாருமே வேலுச்சாமிதான். பழனிச்சாமிக்கு முறை வராது.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏன்டா, அங்க வீடு வாங்கிருக்கேன்னியே, அந்தக் கடன் யாரு பேர்ல இருக்கு?" என்று கேட்டார்.

"வேலுச்சாமிங்கிற பேர்லதாம்ப்பா. இன்னும் இருபத்து மூணு வருஷம் இருக்கு."

அன்றைக்குச் சாயங்காலமே அண்ணன் தன் காப்பித் தோட்டத்துப் பட்டாவை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, அண்ணியின் அரிசிக் குதிருக்கு அடியில் மாற்றி வைத்துவிட்டார்.